மூன்று குச்சிகளும் ஓர் அண்டாக் காதும்

ராஜபாளையத்தில் நான் நடத்துவது பாத்திர வாடகைக் கடை. கல்யாணம், சடங்கு, பால்காய்ப்பு, கருமாதி என்று எது வந்தாலும் அண்டா, அன்னக்கூடை, வாளி, கரண்டி எல்லாம் என்னிடமிருந்து பளபளவென்று போய், கரி பிடித்துத் திரும்பி வரும். கரியைத் தேய்த்து எடுத்துவிடலாம். பெரிய அலுமினிய அண்டாக்களுக்கு வருவது வேறு நோய். அவற்றின் காது கழன்றுவிடும். இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்க வசதியாக, விளிம்புக்குக் கீழே ரிவெட் அடித்து வைத்திருக்கும் கைப்பிடியைத்தான் காது என்கிறோம். டெம்போவிலிருந்து இறக்கும்போது போடுகிற போட்டில் ரிவெட் ஓட்டை அகன்று, சுற்றியுள்ள தகடும் கிழிந்துபோகும்.

கிழிந்த தகட்டைச் சரிசெய்ய ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு வெல்டிங் பட்டறை இருக்கிறது. வேலை சுத்தம். ஆனால் அங்கே கொடுத்த அண்டா அடுத்த முகூர்த்தத்துக்கு வராது, அதற்கும் அடுத்த முகூர்த்தத்துக்குத்தான் வரும். போன் செய்தால் பட்டறைக்காரர் "நாளைக்கு" என்பார். எந்த நாளைக்கு என்று கேட்டால் அவருக்குக் கோபம் வரும். எனக்கு அதற்கு முன்பே வந்திருக்கும்.

இந்த நிலைமையில்தான் என் கணவர் அந்த வீடியோவை அனுப்பினார். அவர் ராணுவத்தில் இருக்கிறார். அவருக்குக் கிடைக்கிற ஓய்வு நேரமெல்லாம் எனக்கு வீடியோவாக வந்து சேரும். இதில் யாரோ ஒருவரின் கை, கத்தரித்த இரண்டு அலுமினியத் தகடுகளைச் சிறு தீயில் காட்டி, ஒரு குச்சியால் தேய்க்கிறது. குச்சி மெழுகாக உருகிப் பரவுகிறது. ஆறியதும் அதே கை சுத்தியலால் ஓங்கி அடிக்கிறது. ஒட்டு விடவில்லை.

"கம்மி சூட்டுலயே உருகுற குச்சிடி. நீயே வீட்டுல வச்சு ஒட்டிக்கிடலாம். பட்டறைக்காரன் கால்ல விழ வேண்டாம்" என்றார் போனில்.

"வீடியோவுல எல்லாந்தான் ஒட்டும்" என்றேன். சொல்லிவிட்டு அன்றைக்கே ஆர்டர் போட்டேன். அவரிடம் சொல்லவில்லை.

ஒரே வகையை வாங்கி ஏமாற எனக்கு மனமில்லை. மூன்று வகை வாங்கினேன். முதலாவது மெல்லிசு, கம்பி மாதிரி வளையும். அதன் வயிற்றுக்குள் ஒரு பொடி இருக்கிறது, ஒட்டு பிடிக்க அதுதான் உதவும் என்றார்கள். ஒரு பாக்கெட்டில் கைநிறைய வரும், விலையும் மலிவு. இரண்டாவது தடிச்சது. பொடி கிடையாது. ஒரு குச்சியின் விலைக்கு மெல்லிசில் ஏழெட்டு வாங்கிவிடலாம். கூடவே எஃகுக் கம்பி பிரஷ் ஒன்று கொடுத்திருந்தார்கள். மூன்றாவது சிலிக்கான் கலந்தது. அதை உள்ளூர் ஹார்டுவேர் கடையில் வாங்கினேன். "இதுக்குச் சூடு சாஸ்தி வேணுங்க்கா" என்று கடைக்காரர் சொன்னதை நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

முதல் வாரம் முழுவதும் தோல்வி. கையில் பிடிக்கிற சிறிய கேஸ் பர்னரைக் குச்சியின்மேல் காட்டினேன். குச்சி உருகிப் புளியங்கொட்டை அளவுக்கு உருண்டு தகட்டில் உட்கார்ந்தது. பார்க்க ஒட்டியது போலவே இருந்தது. நகத்தால் நெம்பினால் கையோடு வந்தது. குச்சிக்காரனை, வீடியோக்காரனை, அதை அனுப்பியவரை எல்லாம் வரிசையாகத் திட்டித் தீர்த்த பிறகுதான் பாக்கெட்டின் பின்புறத்தைப் படித்தேன். சூடாக்க வேண்டியது குச்சியை அல்ல, தகட்டை. தகட்டைக் கம்பி பிரஷால் வெள்ளையாகத் தேய்த்து, அடியிலிருந்து சூடுகாட்டி, அந்தச் சூட்டில் குச்சி தானாக உருக வேண்டும். உருகியதை மறுபடி பிரஷால் அடியோடு கீற வேண்டும். அப்போதுதான் தகட்டின்மேல் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கிற தோல் கிழிந்து, ஒட்டு உள்ளே இறங்குகிறது. இது பிடிபட்டதும் எனக்கு வந்த சந்தோஷத்தை எந்த அண்டாவும் அதுவரை கொடுத்ததில்லை.

பிறகு முறையாகச் சோதனை செய்தேன். உடைந்த அண்டாவின் தகட்டைத் துண்டு துண்டாக வெட்டி, ஒவ்வொன்றிலும் ஒரு பழைய காதை ஒட்டினேன். கடைக்குப் பின்னால் இருக்கும் கொட்டகையின் இரும்பு ஆங்கிளில் தகட்டைக் கட்டித் தொங்கவிட்டு, காதில் கயிறு போட்டு, சுவர் பூச வாங்கி வைத்திருந்த சிமெண்ட் மூட்டைகளைக் கட்டினேன். நிறைந்த அண்டாவைத் தூக்கும்போது ஒரு காதுக்கு ஏறக்குறைய ஒரு மூட்டைப் பாரம் வரும்.

மெல்லிசு ஒரு மூட்டையைத் தாங்கியது. இரண்டாவதைக் கட்டி முடிப்பதற்குள் விட்டுவிட்டது. விட்ட இடத்தைப் பார்த்தால் பாதிக்குமேல் குச்சி பிடிக்கவே இல்லை, பொடிதான் கறுப்பாகப் படிந்திருந்தது. சிலிக்கான் குச்சி உருகுவதற்குள் தகடே உருகி விழுந்தது. ஓட்டையை அடைக்கப் போய்ப் பெரிய ஓட்டை. மூன்று தகடுகளைப் பாழாக்கி நாலாவதில் ஒட்டினேன், அது இரண்டு மூட்டையைத் தாங்கியது. தடிச்சது முதல் தடவையிலேயே ஒட்டி, இரண்டு மூட்டையையும் தாங்கியது. தகடு வளைந்தது, ஒட்டு அசையவில்லை. ஒரு குச்சியில் மூன்று காது ஒட்டலாம் என்றும் கண்டுபிடித்தேன். மெல்லிசில் பாதிப் பாக்கெட் வீணாய்ப் போனதைப் பார்த்தால் தடிச்சதுதான் லாபம். கொட்டகைச் சுவரில் சாக்பீஸால் பெரிதாக எழுதினேன்: தடிச்சது முதல்.

அதே தடிச்ச குச்சியால் கடையின் மிகப் பெரிய அண்டாவுக்கு இரண்டு காதையும் ஒட்டினேன். பழைய ரிவெட்டுகளைக் கழற்றித் தூரப் போட்டேன். இரண்டு மூட்டை தாங்குகிற ஒட்டுக்கு ரிவெட் எதற்கு என்று நினைத்தேன்.

அந்த அண்டா முதலில் போனது மம்சாபுரத்தில் ஒரு கல்யாணத்துக்கு. சமையல் மாஸ்டர் ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர், என்னிடம் பல வருஷமாகப் பாத்திரம் எடுப்பவர், நல்ல கனத்த உடம்பு. காலையில் டெம்போவில் ஏற்றும்போது காதைத் தடவிப் பார்த்தார்.

"என்ன தாயி, ஈயத்தை அப்புன மாதிரி இருக்கு?"

"ரெண்டு சிமெண்ட் மூட்டை தாங்குன ஒட்டு அண்ணாச்சி. நீங்க ஏறி உக்காந்தாலும் விடாது" என்றேன். அவர் உடம்பைப் பற்றிச் சொல்வதாக எடுத்துக்கொண்டார் போல. முகத்தைத் திருப்பிக்கொண்டு டெம்போவில் ஏறினார்.

பகல் பன்னிரண்டு மணிக்கு அவரே போன் செய்தார். இன்னும் நாலு வாளி வேண்டுமாம். ஸ்கூட்டரில் கட்டிக்கொண்டு போனேன். மண்டபத்தின் பின்புறம் திறந்தவெளியில் செங்கல் அடுக்கி விறகடுப்பு போட்டிருந்தார்கள். முதல் பந்திக்கு மொண்டு ஊற்றியதில் என் அண்டாவில் சாம்பார் பாதிக்குச் சற்று மேலே நின்றது. காற்று ஒரு பக்கமாக அடித்துக்கொண்டிருந்தது. தீ அந்தப் பக்கத்துச் சுவரில் ஏறி, சாம்பார் நிற்கிற மட்டத்தையும் தாண்டி, காதைச் சுற்றி நக்கிக்கொண்டிருந்தது. உள்ளே சாம்பார் இல்லாத இடத்தில் தகட்டின் சூடு ஏறிக்கொண்டே போகும்.

நான் வாளிகளைக் கீழே வைத்தேன். கொட்டகையில் நான் கட்டித் தொங்கவிட்டது எல்லாம் ஆறிப்போன ஒட்டு. சூட்டில் ஒன்றைக்கூடச் சோதித்ததில்லை. கையடக்க பர்னருக்கே இளகுகிற குச்சி என்பதற்காகத்தான் அதை வாங்கினேன், அந்தக் குச்சியால்தான் அடுப்பில் ஏறுகிற பாத்திரத்துக்குக் காது வைத்திருக்கிறேன்.

மாஸ்டரும் இன்னொருவரும் சாக்குத் துணியைச் சுற்றிக்கொண்டு அண்டாவை இறக்கக் குனிந்தார்கள். தீ அடித்த பக்கத்துக் காதை மாஸ்டர்தான் பிடித்தார். கஞ்சித் தண்ணீரில் நனைந்த வெறுங்கால், அண்டாவுக்கு நேர் கீழே.

"தூக்காதிய! அண்ணாச்சி, கையை எடுங்க! காது கழண்டுரும்!"

நான் கத்திய கத்தலில் பந்தியில் இருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்திருப்பார்கள். மாஸ்டர் நிமிர்ந்தார்.

"காலையில ஏறி உக்காரச் சொன்ன, இப்பம் தொடக் கூடாதுங்கிற?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. ஓடிப்போய் விறகை இழுத்து வெளியே போட்டேன். கொண்டு வந்த வாளியிலேயே சாம்பாரை மொண்டு ஊற்ற ஆரம்பித்தேன். உதவிக்கு யாரும் வரவில்லை. இரண்டாவது பந்திக்கு இலை போட்டு, சோறும் வைத்துவிட்டார்கள். சாம்பாருக்குக் காத்திருக்க வேண்டியதாயிற்று. மாப்பிள்ளை வீட்டார் முணுமுணுத்தார்கள். பெண்ணின் சித்தப்பா அடுப்படிக்கே வந்து, "பாத்திரம் குடுத்தமா போனமான்னு இருக்கணும். செத்த நேரம் எம்புட்டு அசிங்கமாப் போச்சு!" என்றார். நான் மொண்டுகொண்டே இருந்தேன்.

அண்டா காலியாகி, கை வைக்கிற சூட்டுக்கு வந்த பிறகு, மாஸ்டர் அந்தக் காதை ஒற்றைக் கையால் பிடித்தார். முழு அண்டாவையும் தூக்கி, நாலு தடவை ஆட்டி, எல்லோருக்கும் காட்டினார். காது அப்படியே இருந்தது.

"கழண்டுரும்னா பாத்தியளா? கல்லு மாதிரி இருக்கு."

அவமானமாக இருந்தது. ஸ்கூட்டரில் திரும்பி வரும் வழியெல்லாம் அவர்மேல் கோபம், என்மேல் அதைவிடக் கோபம். வாயை மூடிக்கொண்டிருந்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காதோ என்ற எண்ணம்தான் ரொம்பக் குடைந்தது.

கடைக்கு வந்ததும், சோறுகூடத் தின்னாமல் கொட்டகைக்குப் போனேன். தடிச்சதால் ஒட்டி இரண்டு மூட்டை தாங்கிய அதே காதில் ஒரே ஒரு மூட்டையைக் கட்டினேன். எட்ட நின்று பர்னரைத் தகட்டில் காட்டினேன். ஒட்டு உருகவில்லை, பளபளப்புகூட மாறவில்லை. நூறு எண்ணுவதற்குள் மூட்டை தரையில் விழுந்து வெடித்தது. உருகாமலே சூட்டில் அதன் பிடி தளர்ந்துவிடுகிறது, மண்டபத்தில் மாஸ்டர் ஆட்டிக் காட்டியது ஆறி மறுபடி இறுகிய காதை. கொட்டகை முழுக்கச் சிமெண்ட் தூசி. அந்தத் தூசிக்குள் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதேன், நிம்மதியிலா பயத்திலா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

சுவரில் எழுதியதை அழித்தேன். இப்போது அந்தக் குச்சிகளுக்கு என்னிடம் வேறு வேலை. தண்ணீர் டிரம்மின் ஒழுகலுக்கு மெல்லிசு போதும், தடிச்சதைச் செலவழிப்பது வீண். சாமான் அடுக்குகிற அலுமினிய ஸ்டாண்டின் கால்களுக்குத் தடிச்சது, அதில் அதை மிஞ்ச ஒன்றும் இல்லை. அடுப்பில் ஏறுகிற எதிலும், ஒட்டை அரிக்கிற புளி படுகிற எதிலும் இரண்டையும் தொடவிடுவதில்லை. அண்டாக்கள் எல்லாம் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பட்டறைக்கே போகின்றன. ஒட்டுக்கு மேலே ரிவெட்டும் அடித்து வருகின்றன. "நாளைக்கு" என்றால் சரி என்று போனை வைத்துவிடுகிறேன்.

கொட்டகையில் மூட்டை விழுந்ததை மாஸ்டரிடம் சொல்லாமலும் இருந்திருக்கலாம். கழன்றுவிடுகிற காதோடு அண்டா கொடுத்தேன் என்று நானே போய் ஒத்துக்கொள்வதை எந்த வியாபாரியும் செய்ய மாட்டார். ஆனால் அவர் என்னைப் பற்றி ஊர் முழுக்கச் சொல்லிச் சிரித்ததைவிட, அந்த ஒட்டைக் கல் என்று சொல்லிவிட்டுப் போனதுதான் எனக்குத் தூக்கம் வராமல் செய்தது. வேறு கடையில் இதே மாதிரி ஒட்டிய காதையும் அவர் நம்பிப் பிடிப்பார்.

முகூர்த்தமில்லாத ஒரு நாள் காலையில், தடிச்சதால் காது ஒட்டிய தகடு ஒன்றையும் பர்னரையும் பையில் போட்டுக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"என்ன தாயி, இன்னைக்கு எதைத் தொடக் கூடாது?"

"இன்னைக்கு நல்லாத் தொட்டுப் பாருங்க அண்ணாச்சி" என்றேன்.

ஜன்னல் கம்பியில் தகட்டைக் கட்டினேன். அவர் எழுந்து வந்து காதைப் பிடித்துத் தொங்காத குறையாக இழுத்தார். வரவில்லை. திருப்தியாகப் போய் உட்கார்ந்தார். அவர் வீட்டு அரிசி மூட்டை ஒன்றைக் கேட்டு வாங்கிக் காதில் கட்டினேன். தாங்கியது. பர்னரைப் பற்றவைத்துத் தகட்டில் காட்டினேன். அவர் முதலில் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார், பிறகு என்னையும், அதன்பின் காதையும்.

காது சத்தமில்லாமல் விட்டது. சத்தம் மூட்டை விழுந்ததில்தான் வந்தது. விழுந்த இடத்துக்கும் அவருக்கும் நாலடி இருக்கும். மாஸ்டர் இரண்டு கால்களையும் தூக்கி நாற்காலிக்குள் மடக்கிக்கொண்டார்.