அக்காவின் அட்டை டேப்லெட்

என் அக்காவோடு ஒரு தடவை செருப்புக் கடைக்குப் போய்ப் பாருங்கள், பொறுமை என்றால் என்னவென்று தெரியும். போட்டுக்கொண்டு கடையை மூன்று சுற்றுச் சுற்றுவாள், படி ஏறி இறங்குவாள், கடைசியில் நாளைக்கு வருகிறேன் என்று கிளம்பிவிடுவாள். தொழில் அவளை அப்படி ஆக்கிவிட்டது. தையல்காரி. புது மாதிரி உடுப்பு என்றால் முதலில் பழைய துணியில் வெட்டி, நூல் ஓட்டி, ஆளுக்கு மாட்டிப் பார்த்த பிறகுதான் நல்ல துணியில் கத்திரியை வைப்பாள். நானோ மொபைல் கடையில் விற்பனைப் பெண். "யோசிச்சுட்டு வர்றேன்" என்று சொல்கிற ஆளைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அம்மா படுத்த படுக்கையான வருடம் அக்காவுக்குப் பதினைந்து வயது, எனக்கு ஆறு. அவள் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுத் தையல் மெஷினில் உட்கார்ந்தாள். நான் பள்ளிக்கூடம் போனேன். இதை அவள் ஒரு நாளும் சொல்லிக்காட்டியதில்லை, அதனாலேயே எனக்கு மறப்பதில்லை. நாற்பதைத் தாண்டியபின் தானாகவே மாலை வகுப்பில் போய்ச் சேர்ந்தாள். பள்ளி இறுதித் தேர்வில் மற்றப் பாடங்களை ஒரே மூச்சில் தாண்டிவிட்டாள். உயிரியல் மட்டும் காலை வாரிவிட்டது. இரண்டு தடவை எழுதினாள், இரண்டு தடவையும் போச்சு. மூன்றாவதும் போனால் பெயரை எடுத்துவிடுவார்கள், எல்லாப் பாடத்தையும் மறுபடி முதலிலிருந்து எழுத வேண்டும். அப்படி ஆனால் இனி அந்தப் பக்கமே தலைவைக்க மாட்டேன் என்று அக்கா சொல்லிவிட்டாள். அவள் சொன்னால் சொன்னதுதான்.

அந்தச் சமயம் பார்த்து எங்கள் கடையில் புது டேப்லெட் வந்து இறங்கியது. பேனாவால் எழுதலாம், இதயத்தின் படத்தை விரலால் உருட்டிப் பார்க்கலாம். அவள் வகுப்புப் பிள்ளைகள் பாதிப் பேர் கையில் அதுதான். வாங்கு வாங்கு என்று அவள் உயிரை எடுத்தேன். ஒரு நாள் கடைக்கு வந்தாள். அதை ஆன்கூடச் செய்யவில்லை. கழுத்தில் கிடந்த டேப்பை எடுத்து நீளம், அகலம், கனம் அளந்தாள். கையில் வைத்து எடை பார்த்தாள். குறித்துக்கொண்டு போய்விட்டாள். உங்கள் அக்கா அதற்குச் சட்டை தைக்கப்போகிறாரா என்று மேனேஜர் கேட்டார். எனக்கு மானம் போயிற்று.

இரண்டு நாள் கழித்து வீட்டுக்குப் போனால் மேசைமேல் ஒரு டேப்லெட் இருக்கிறது. அட்டையை வெட்டி, எடைக்கு நடுவில் மெல்லிய டைல்ஸ் ஒன்றை வைத்து, கறுப்பு லைனிங் துணியால் மூடித் தைத்திருக்கிறாள். பேனா செருக ஓரத்தில் ஒரு வளையம் வேறு. ரெண்டு வாரம் இதைச் சுமந்துகொண்டு அலையப்போகிறாளாம். எப்போதெல்லாம் எடுக்கத் தோன்றுகிறதோ அப்போதெல்லாம் எடுத்து, பின்பக்கம் சாக்பீஸால் ஒரு கோடு போடுவாளாம். கோடு பார்த்து முடிவு செய்வாளாம். தேர்வுக்கு மூன்று மாதம்கூட இல்லை, உனக்கென்ன பைத்தியமா என்று கத்தினேன். அவள் என்னைக் கண்டுகொள்ளவே இல்லை. பை கொள்ளாத அளவில் இதை எந்த மடையன் செய்தான் என்று தன் பாட்டுக்குத் திட்டிக்கொண்டிருந்தாள்.

பை கொள்ளாதா? கடையில் அதை எத்தனை பேர் பையில் போட்டுக்கொண்டு போகிறார்கள். டேப்பைப் பிடுங்கி நானே அளந்தேன். நாலு பக்கமும் அரை அங்குலம் கூடுதல்.

"அக்கா, டேப்லெட்டுக்கு எதுக்குத் தையல் விட்ட?"

துணி வெட்டும்போது தைப்பதற்கென்று ஓரத்தில் அரை அங்குலம் விட்டு வெட்டுவார்கள். பழக்கதோஷம், அட்டைக்கும் விட்டிருக்கிறாள். என்னைப் பார்த்தாள், அட்டையைப் பார்த்தாள், மேசையைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள். எனக்கும் கோபம் போன இடம் தெரியவில்லை. இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தோம்.

சரியான அளவில் இன்னொன்று தைத்து இரண்டு வாரம் சுமந்தாள். பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரர் இவள் அப்படி என்னதான் பார்க்கிறாள் என்று எட்டிப் பார்த்திருக்கிறார். வெறும் துணியைப் பார்த்ததும் எழுந்து முன்னால் போய் நின்றுகொண்டாராம். அதைச் சொல்லும்போது அவளுக்கு அவ்வளவு பெருமை.

கெடு முடிந்த அன்று கோடுகளைக் காட்டினாள். வகுப்பில் நாலு, பஸ்ஸில் ரெண்டு. பகல் முழுக்க இருக்கிற தையல் கடையில் ஒன்றுகூட இல்லை.

"கை ரெண்டும் துணியில, கண்ணு ஊசியில. காதுதான்டி சும்மா கெடக்கு" என்றாள்.

பதினொரு வருடம் எத்தனையோ பேருக்கு எதையெதையோ தலையில் கட்டியிருக்கிறேன். உனக்கு எந்த உறுப்பு சும்மா இருக்கிறது என்று ஒருவரையும் கேட்கத் தோன்றியதில்லை.

டேப்லெட் வேண்டாம், தைத்துக்கொண்டே பாடத்தைக் காதால் கேட்பது என்று முடிவாயிற்று. பாடத்தைப் பதிவு செய்ய அவளுடைய பழைய போனே போதும், ஆசிரியரும் சரி என்றுவிட்டார். ஆனால் தையல் கடையில் நாலு மெஷின் ஓடும் இரைச்சலில் எது காதில் விழும்? வெளிச் சத்தத்தை அடைக்கிற ஹெட்போன் ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். அதையும் சும்மா வாங்கவில்லை மகராசி. எங்கள் மொபைல் கடையின் வேக்குவம் கிளீனரை என்னை ஓடவிடச் சொல்லி, மாட்டிக்கொண்டு கால் மணி நேரம் உட்கார்ந்தாள். மேனேஜர் இந்த முறை ஒன்றும் கேட்கவில்லை.

ஹெட்போன் மாட்டினால் தன் குரல் தனக்கே கேட்காதே. கேட்ட பாடத்தைக் கடையே அதிரும்படி திருப்பிச் சொல்வாள். சிறுகுடலின் நீளம் ஆறு மீட்டர் என்று ஒரு நாள் சத்தமாகச் சொல்ல, பட்டன் தைக்கிற பெண் அகலம் எவ்வளவு என்று கேட்டாளாம். தையல்காரிக்கு அகலம் தெரியாமல் நீளம் மட்டும் தெரிந்து என்ன பயன்? உடனே ஆறு மீட்டர் நாடாவை மேசையில் அளந்து விரித்து, மடித்து மடித்து ஒரு வயிற்றளவு டப்பாவுக்குள் அடக்கிப் பார்த்திருக்கிறார்கள். முதலில் முகத்தைத் தூக்கிவைத்திருந்த முதலாளியம்மா கடைசியில், இதயத்தின் வலது பக்கம் வருவது அசுத்த ரத்தம் என்று நேற்றுத்தானே சொன்னாய், இன்றைக்கு ஏன் மாற்றுகிறாய் என்று வெட்டுகிற மேசையிலிருந்தே திருத்தும் அளவுக்கு வந்துவிட்டார்.

மூன்றாவது தடவை எழுதிய தேர்வின் முடிவு வந்த அன்று தையல் கடையைப் பூட்டிவிட்டு எல்லாரும் மாலைப் பள்ளிக்குப் போனார்கள். நானும் விடுப்புப் போட்டுவிட்டுப் போனேன். அக்கா முடிவு ஒட்டியிருந்த பலகைப் பக்கம் வர மறுத்துவிட்டாள். படிக்கட்டில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். நான்தான் தேடினேன். அவள் எண்ணுக்கு நேராக எழுபத்து மூன்று. தேர்ச்சி.

கத்தவேண்டும் என்று நினைத்தேன், அழுகைதான் வந்தது. என் முகத்தைப் பார்த்து அவள் தப்பாக நினைத்துக்கொண்டு, பரவாயில்லை விடு என்று என்னையே தேற்றினாள். மதிப்பெண்ணைச் சொன்னேன். நம்பவில்லை. எழுந்து போய் அவளே பார்த்தாள், பட்டன்காரியைக் கூப்பிட்டுப் படிக்கச் சொன்னாள், முதலாளியம்மாவை விட்டு இன்னொரு தடவை. பிறகு என்னைக் கட்டிக்கொண்டாள். அந்தச் சந்தோஷத்தை எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

சான்றிதழ் வாங்க உள்ளே போனோம். அலுவலகப் பெண்மணி அதைக் கொடுத்துவிட்டு, கல்லூரி மாலை வகுப்புக்கான விண்ணப்பத்தையும் நீட்டினார். இன்றே கடைசி நாளாம். எனக்குத் திக்கென்றது. மூன்று வருடப் படிப்பு, பகலெல்லாம் வேலை, இவளோ நின்று நிதானித்துச் செய்கிறவள். அவளைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு வாயைத் திறந்தேன்.

"அவசரப்படாத அக்கா. யோசிச்சு அடுத்த வருஷம் சேரலாமே."

"இருபத்தெட்டு வருஷம் யோசிச்சாச்சு. பேனாவக் குடு."

கொடுத்தேன்.