ஒன்பது முழு, ஐந்து அரை

இதைச் சொன்னால் என்னைப் பற்றி என்ன நினைப்பீர்களோ தெரியாது, அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பேய், ஆவி, கனவில் வந்து சொன்னது, இது ஒன்றிலும் எனக்கு நம்பிக்கை இல்லை. ரொறன்ரோவில், அஜின்கோர்ட்டில் ஒரு பல் டாக்டரிடம் இருபத்திரண்டு வருடமாக வரவேற்பு மேசையில் இருக்கிறேன். யாருக்கு உண்மையாகவே பல் வலிக்கிறது, யார் வேலைக்கு லீவு எடுக்கக் கடிதம் தேடுகிறார் என்பது போனில் 'ஹலோ' சொல்லும்போதே எனக்குத் தெரிந்துவிடும். அப்படிப்பட்ட எனக்கு ஒரு போன் சமாச்சாரம் மட்டும் இன்றுவரை விளங்கவில்லை.

கதை புஷ்பம் அக்காவில் தொடங்குகிறது. கனடாவுக்கு வந்த புதிதில் வோபர்னில் ஒரு வீட்டுக்குக் கீழே, ஒரே பேஸ்மென்றில் நாங்கள் மூன்று குடும்பம் இருந்தோம். நானும் என் மனிசன் குணமும், ரவியும் மாலாவும், புஷ்பம் அக்காவும் நேசன் அண்ணையும். ஒரு குளியலறை, ஒரு அடுப்பு, காலையில் சண்டை, மாலையில் சிரிப்பு. அந்தப் பேஸ்மென்றை நினைத்தால் இப்போதும் எனக்கு நெஞ்சு இளகிவிடும், மில்லிக்கனில் நான்கு அறை வீடு வைத்திருந்து என்ன பலன், அந்தச் சிரிப்பு இங்கே இல்லை.

அந்த இடத்தை எடுத்துத் தந்ததே நேசன் அண்ணைதான். அவர் மன்னாரில் பஸ் கொண்டக்டராக இருந்தவர். எங்கள் ஆறு பேரில் கூச்சமில்லாமல் போனில் ஆங்கிலம் பேசக்கூடிய ஒரே ஆள் அவர். வீட்டுக்காரர் எத்தனை பேர் என்று கேட்க, இவர் 'சிக்ஸ் புல், திறீ ஹாவ்' என்றாராம். பிள்ளைகளுக்கு பஸ்சில் அரை ரிக்கற்தானே, அதுதான் ஹாவ். அந்த மனிதர் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு வீட்டைத் தந்துவிட்டார். அதற்குப் பிறகு எங்கே போனாலும் அண்ணை எங்களை அப்படித்தான் எண்ணுவார், "ஆறு முழு, மூண்டு அரை, றைற், போகலாம்" என்று.

அண்ணை செத்து நான்கு வருடம். போன மாரிக் குளிரில் புஷ்பம் அக்கா வீட்டை விற்றுவிட்டு எட்மன்ரனில் இருக்கும் மகன் ஜூட்டோடு போவதாக முடிவாகிவிட்டது. ஏப்ரலில் பயணம். அதற்கு முன் மார்ச் விடுமுறையில் எல்லாரும் சேர்ந்து எங்காவது போவோம் என்று பேச்சு எழும்ப, பேரப்பிள்ளைகள் பனியில் சறுக்கவேண்டும், ஸ்கீ, ஸ்கீ என்று குதித்தார்கள். அக்கா ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"எல்லாரும் ஒரு கூரைக்குக் கீழை படுத்து எழும்ப வேணும், சாந்தி. ஹோட்டல் எண்டால் நான் வரேல்லை. அங்கை ஆளாளுக்கு ஒரு கதவு."

இடம் பிடிக்கும் பொறுப்பு என் தலையில். மூன்று வீட்டாரும் பிள்ளைகளுமாகப் பெரியவர்கள் ஒன்பது, சின்னவர்கள் ஐந்து. ஸ்கீ செய்யப் போகிறவர்கள் பாதி, பனியைக் கண்டால் போர்வைக்குள் போகிறவர்கள் பாதி. தவக்காலம் வேறு, வெள்ளிக்கிழமை அக்கா வீட்டார் இறைச்சி தொடமாட்டார்கள், மாலாவோ வெள்ளிக்கிழமை முட்டைகூடத் தொடமாட்டாள், ஆகவே நாங்களே சமைக்கக் குசினி இல்லாத இடம் சரிவராது. ரொறன்ரோவுக்கு வடக்கே மலை என்று பெயர் உள்ள எல்லா இடத்துக்கும் போன் அடித்துப் பார்த்தேன். ஒரு அறைக்கு நான்கு பேர்தான் என்றார்கள், சின்னப் பிள்ளைகள் வேண்டாம் என்றார்கள், ஒரு இடத்தில் சொன்ன விலைக்கு நாங்கள் யாழ்ப்பாணம் போய்த் திரும்பலாம். எனக்கு அழுகையே வந்துவிட்டது. இடம் கிடைக்காவிட்டால் அக்கா வரமாட்டார், பேசாமல் விமானம் ஏறிவிடுவார், அந்தப் பேஸ்மென்றுக்காரர் இனி ஒன்றாக இருக்கப்போவது யாராவது ஒருவரின் செத்த வீட்டில்தான்.

கடைசியில் என் மகள் அஞ்சலி எங்கோ ஒரு பழைய விடுதியைக் கண்டுபிடித்தாள். "அம்மா, இதுக்கு வெப்சைட்டே இல்லை, ஜஸ்ட் எ போன் நம்பர்." மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அடித்தேன். யாரும் எடுக்கவில்லை, மெசின்தான் பேசியது. என் பெயர், நம்பர், திகதி, பிள்ளைகளோடு வருகிறோம், இவ்வளவும் சொல்வதற்குள் பீப் என்று வெட்டிவிட்டது. எத்தனை பேர் என்று நான் சொல்லவில்லை, இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மறுநாள் காலை விடுதிக்காரக் கிழவி எனக்குப் போன் எடுத்தார். எல்லாம் சரி, முழு வீடும் உங்களுக்குத்தான், விலையும் நேற்றுப் பின்னேரமே பேசி முடித்தாயிற்று, தனக்குப் போன் எடுத்துப் பேசிய அந்த மனிதர் நல்ல பகிடிக்காரர் என்றார். குணம்தான் பேசியிருக்கிறார் என்று எனக்கு உள்ளம் குளிர்ந்துவிட்டது. ஆனால் வாய் திறந்து ஒன்றும் சொல்லவில்லை, அந்த மனிசனைப் புகழ்ந்தால் ஒரு கிழமைக்குக் கோப்பை கழுவமாட்டார். அவரோ நான்தான் பேசி விலையைக் குறைத்தேன் என்று நினைத்துக்கொண்டு, எனக்குத் தலைக்கனம் வந்துவிடும் என்று அவரும் வாய் திறக்கவில்லை.

வெள்ளிக்கிழமை பின்னேரம், நல்ல வெளிச்சத்தில் போய் இறங்கினோம். மர வீடு, பெரிய கூடம், ஆறு அடுப்போடு ஒரு குசினி. கிழவி ஊன்றுகோலோடு வந்து, கூடத்தில் வரிசையாகப் போட்டிருந்த ஐந்து சின்ன மெத்தைகளைக் காட்டி, குணத்தைப் பார்த்து ஆங்கிலத்தில் சிரித்துக்கொண்டே கேட்டார், மனிதர்களைப் பாதி பாதியாக எண்ணுகிறவர் நீதானா என்று.

குணம் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன்.

"நீர்தானே போன் எடுத்தனீர்?" என்றேன் நான்.

"நான் எங்கை எடுத்தனான்? நீரெல்லோ எல்லாம் செய்தது."

கிழவி விளக்கினார். நான் மெசேஜ் விட்ட அன்றைக்குப் பின்னேரம் ஒருவர் போன் எடுத்தாராம், பின்னால் பெரிய எஞ்சின் இரைச்சலாம், நைன் புல், பைவ் ஹாவ் என்றாராம், ஹாவ் என்றால் என்ன என்று கேட்டதற்கு, பிள்ளைகளுக்கு எப்போதும் அரைதானே, அரை விலை போடுங்கள் என்றாராம். அந்தப் பகிடிக்காகவே விலையைக் குறைத்தாராம். பழைய போன், நம்பர் தெரியாது.

புஷ்பம் அக்கா ஒரு சப்பாத்தைக் கழற்றிவிட்டு மற்றதைக் கழற்றாமல் வாசலில் கிடந்த மர வாங்கில் அப்படியே இருந்துவிட்டார்.

"என்னவாம் சாந்தி?"

நான் தமிழில் சொன்னேன்.

"உது அவர்தான்," என்றார் அக்கா. பிறகு மற்றச் சப்பாத்தையும் கழற்றினார்.

நான் சும்மா விடுகிற ஆள் இல்லை. குணத்தைக் குடைந்தேன். பீட்சாவுக்கே போன் எடுக்கப் பயப்படுகிற மனிசன், பிள்ளைகள் மேல் சத்தியம் செய்தார். ரவியைக் கேட்டேன். எட்மன்ரனிலிருந்து வந்திருந்த ஜூட்டைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன், அம்மாவைச் சந்தோசப்படுத்தச் செய்தாயா என்று. "அன்ரி, ஐ ஸ்வெயார், எனக்கு இந்த இடத்தின்ரை பேரே தெரியாது."

ஆனால் நம்பினால் நம்புங்கள், அந்த வீட்டில் யாருக்கும் பயம் வரவில்லை. அறைகள் இருந்தும் எல்லாரும் கூடத்தில் பாய் விரித்தது போலப் படுத்தோம். சனிக்கிழமை ரவி ஸ்கீ செய்யப் போய்ப் பிள்ளைகளின் சரிவில் மூன்று தரம் விழுந்தார், மாலா வீடியோ எடுத்தாள். அக்கா மீன் குழம்பு வைத்தார், காலையில் குளியலறைக்குச் சண்டை பிடித்த பழைய கதை எல்லாம் வந்தது, அண்ணை போன பிறகு அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்ததை நான் அன்றைக்குத்தான் கண்டேன். நானும் பழைய மாதிரி சிரித்தேன்.

ஞாயிறு காலை மற்றவர்கள் காரில் சாமான் ஏற்ற, நான் கதவுத் திறப்பைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். கிழவியின் பதிவுக் கொப்பி மேசையில் திறந்திருந்தது. எங்கள் பெயருக்கு நேரே ஆங்கிலத்தில் எழுதியிருந்தார், ஒன்பது முழு, ஐந்து அரை. அதற்குக் கீழே, நின்றுகொண்டு வருபவர் ஒன்று.

இது என்ன என்று கேட்டேன்.

தானும் கேட்டதாகச் சொன்னார். அந்த ஆளுக்குக் கட்டில் வேண்டாம், காசும் இல்லை, அவர் எப்போதும் நின்றுகொண்டுதான் வருவார், எல்லாரும் இறங்கின பிறகுதான் அவர் இறங்குவார் என்று போனில் சொன்னாராம்.

இதை நான் அக்காவிடம் சொல்லவில்லை. அவர் ஏப்ரலில் எட்மன்ரன் போய்விட்டார், ஞாயிற்றுக்கிழமைகளில் கதைக்கிறோம், நன்றாக இருக்கிறார். எனக்குத்தான் வேலை மேசையில் போன் ஓய்ந்திருக்கும் நேரங்களில் அந்த வரி வந்து நிற்கிறது. எல்லாரும் என்றால் அந்த ஐந்து அரையும் சேர்த்துத்தானே. அதில் கடைசி, ஜூட்டின் மகளுக்கு இப்போதுதான் நான்கு வயது. அவள் கிழவியாகிக் கண்ணை மூடி இறங்கும் வரைக்கும் நிற்கப்போகிறாரா, அந்த மனிசனுக்குக் கால் நோகாதா?