டேக் போடுகிறவனின் கடைசி மாதம்

மூடாத டேக்

ஐந்தாவது வரியில் தொடங்கிய தடித்த எழுத்தை எங்கேயும் மூடாமல் விட்டிருந்தேன். கம்பெனி வலைப்பதிவு அதற்குக் கீழே முழுக்கக் கறுத்துத் தடித்துக் கிடந்தது. பெங்களூரு எலெக்ட்ரானிக் சிட்டியில் மற்றவர்கள் எழுதியதற்கு ஹெச்.டி.எம்.எல். டேக் போட்டு ஏற்றுவது என் பிழைப்பு. இதைச் செய்தவர்களுக்குத் தெரியும், டேக்கை மூடும் ஒரு சாய்கோட்டைத் தேடியே அரை நாள் போய்விடும்.

மேனேஜர் சதீஷ் வந்து பின்னால் நின்றார். புது முறை ஒன்று வந்திருக்கிறதாம். சொல்லுக்கு இரு பக்கமும் இரண்டு நட்சத்திரக் குறி போட்டால் தடித்த எழுத்து, வரிக்கு முன்னால் கோடு போட்டால் பட்டியல். டேக்கே வேண்டாம்.

"நீயே எல்லாருக்கும் சொல்லிக் குடுத்துடு குமார். அப்புறம் உனக்கு வேலையே இருக்காது."

பயிற்சி

என் ஒப்பந்தம் மாதக் கடைசியில் முடிகிறது. பதிவு எழுதும் எட்டுப் பேரும் பழகிவிட்டால் நான் தேவையில்லை. பழகாவிட்டால் சொல்லிக் கொடுக்கத் தெரியாதவன். இதில் எதற்காகப் பாடுபடுவது என்று விளங்காமலே பலகையில் நட்சத்திரம் வரைந்தேன். சேல்ஸ் நாகராஜ் ஐந்து நிமிடத்தில் ஒரு பதிவை ஏற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

"இஷ்டேனா குரு? இவ்வளவுதானா? இதுக்கா உனக்குத் தனி சிஸ்டம் குடுத்து உக்கார வெச்சிருக்காங்க?"

சாம்பல் பெட்டி

ஏழு பேர் ஒரே வாரத்தில் தேறினார்கள். எட்டாவது, ஊழியர் செய்திகள் எழுதும் அட்மின் லில்லி மேடம். அவர் எழுதிய பாரா ஒவ்வொன்றும், புரோகிராம் வரிகளைப் போல, சாம்பல் நிறப் பெட்டிக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. ஒருவருக்கு மகன் பிறந்தது, கேன்டீன் நேரம் மாறியது, எல்லாம் பெட்டிக்குள்.

இரண்டு நாள் எனக்குக் காரணம் பிடிபடவில்லை. மூன்றாம் நாள் பக்கத்தில் நின்று பார்த்தேன். பாரா தொடங்குமுன் அவர் கட்டைவிரல் ஸ்பேஸ் பாரில் ஐந்து முறை விழுந்தது. நாலு இடம் விட்டாலே இந்த முறை அதைப் புரோகிராம் என்று எடுத்துக்கொள்ளும். இடம் விடாமல் அடியுங்கள் என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"டைப்ரைட்டிங் ஹையர்ல பர்ஸ்ட் கிளாஸ்ப்பா நான். பாரான்னா அஞ்சு ஸ்பேஸ். உங்க மெஷினுக்கு மேனர்ஸ் இல்லன்னா நான் என்ன பண்ண?"

மாதக் கடைசி

சதீஷ் கூப்பிட்டார். லில்லி மேடம் பழகும்வரை நான் இருக்கலாமாம். "அந்தம்மா கை மாறாது. நீ பொழச்சே," என்றார். சந்தோஷப்பட வேண்டுமா என்று தெரியாமல் இடத்துக்கு வந்தேன்.

மேடம் எனக்காகக் காத்திருந்தார். விரலை மடக்கி வைத்துப் பார்த்தாராம், அது பாட்டுக்கு அடித்துவிடுகிறதாம். நாகராஜ் சாம்பல் பெட்டியைக் காட்டி எல்லாரிடமும் சிரித்திருக்கிறார்.

"எனக்கு மட்டும் ஏன்ப்பா வரல? இத வெச்சு வீட்டுக்குப் போகச் சொல்லிடுவாங்களா?"

மாட்டார்கள் என்றேன். அவர் டீ குடிக்கப் போனதும், பாரா முன்னால் விட்ட இடங்களைச் சிஸ்டமே நீக்கிக்கொள்ளும்படி ஒரே ஒரு வரி எழுதிச் சேர்த்துவிட்டு, ஆறு மணி கம்பெனி பஸ்ஸுக்கு வரிசையில் போய் நின்றேன்.