ஒன்பதாவது மாடி மிளகாய்

வீட்டுக்குள் மிளகாய் வளர்ப்பது சுலபம் என்று யாராவது சொன்னால் அவரை என் வீட்டுக்கு அனுப்பி வையுங்கள். ஒரு வாரம் வாளி தூக்கட்டும், அப்புறம் பேசுவோம்.

செந்தூல் அடுக்குமாடியில் ஒன்பதாவது மாடி என் வீடு. மனைவி பிரிந்து போனபோது தையல் மெஷினையும் கொண்டு போய்விட்டாள். அது இருந்த அறையை வெறுமையாகப் பார்க்கப் பிடிக்காமல்தான் பதினாறு வாளிகள் வாங்கிப் போட்டேன். மண் கிடையாது, உரம் கலந்த தண்ணீரில் வேர் தொங்கும். பால்கனியில் வெயில் விழாததால் அறைக்குள் ஊதா விளக்கு. எதிர் பிளாக்கில் இருப்பவர்களுக்குக் கண் கூசக்கூடாதே என்று ஜன்னலில் கறுப்புப் பிளாஸ்டிக்கையும் ஒட்டினேன். என் புத்திசாலித்தனம்!

வாரம் ஒருமுறை பதினாறு வாளித் தண்ணீரையும் குளியலறைக்குத் தூக்கிப் போய்க் கொட்ட வேண்டும். வாளி அடியில் வழவழவென்று பாசி படிந்திருக்கும், அதைப் பழைய பல் பிரஷ்ஷால் தேய்க்க வேண்டும். புதுத் தண்ணீரில் சொட்டு மருந்து விட்டு, புளிப்பு சரியாக இருக்கிறதா என்று நிறம் பார்க்க வேண்டும். இலைச்சாறு உறிஞ்சும் செம்பேன் வந்துவிட்டால் தொலைந்தது. ஒவ்வோர் இலையையும் திருப்பி, அடிப்பக்கத்தைச் சோப்புத் தண்ணீரால் துடைக்க வேண்டும். "சனியனே, உனக்கு வேற வீடே கிடைக்கலையா?" என்று பேனைத் திட்டுவேன். சில நாள் நான் வாய் திறந்து பேசியது அது ஒன்றாகத்தான் இருக்கும்.

எல்லாவற்றையும்விடக் கொடுமை பூ. மூடிய அறைக்குள் தேனீ ஏது? சின்னப் பெயின்ட் பிரஷ்ஷால் நானேதான் பூப்பூவாகத் தொட்டுவிட வேண்டும். இடுப்பு கழன்றுவிடும். மிளகாய் மேல் அப்படியொன்றும் ஆசையில்லை எனக்கு, வயிற்றுப்புண்காரன். காய்த்ததைக் கொண்டு போய்க் கொடுத்தால் யாராவது நின்று இரண்டு வார்த்தை பேசுவார்கள் என்ற நப்பாசைதான்.

முதல் அறுவடையை எதிர்வீட்டு அக்காவிடம் நீட்டினேன். அவர் இரண்டடி பின்னால் போய்விட்டார்.

"ஐயோ, மிளகாயைக் கையில குடுக்காதீங்க அண்ணே, சண்டை வந்துரும். கீழ வைங்க."

தரை ஈரமாக இருந்தது. அவர் வீட்டுக் கேட்டிலேயே மாட்டிவிட்டு வந்தேன். சரி, நம் ஆட்களின் வழக்கம் இது, இனி யார் கையிலும் கொடுக்கவேண்டாம் என்று முடிவு செய்தேன். மிளகாயை நியூஸ்பேப்பரில் இறுக்கிச் சுற்றி, சின்னப் பிளாஸ்டிக் பையில் போட்டு, பெட்டாலிங் ஜெயாவுக்குக் காலை ஷிப்டுக்குப் போகும்போது எங்கள் மாடியில் இருந்த பதினோரு வீட்டுக் கேட்டிலும் மாட்டிவிட்டுப் போவேன். சாயங்காலம் வந்து பார்த்தால் பொட்டலம் இருக்காது. கதவைத் தட்டி ஒரு நன்றி சொன்னவர் யாரும் இல்லை.

ஒருநாள் பிளாட் வாட்ஸ்அப் குழுவில் இரண்டு படங்கள் வந்தன. ஒன்றில் ஊதா வெளிச்சம் கசியும் என் ஜன்னல். மற்றதில் நான் குனிந்து கேட்டில் பொட்டலம் மாட்டுகிறேன். கீழே, "ஒன்பதாம் மாடியில கஞ்சா வளக்குறாங்க போல" என்று எழுதியிருந்தது.

முதலில் சிரித்துவிட்டேன். அப்புறம்தான் உறைத்தது. கஞ்சாவுக்குத் தூக்குவரை போகும் இந்த நாட்டில் அது விளையாட்டுப் பேச்சா? என் மிளகாயைச் சாப்பிட்ட பதினோரு வீட்டில் யாராவது ஒருவர், "அது மிளகாய்ப்பா" என்று எழுதுவார் என்று காத்திருந்தேன். ஒருவரும் எழுதவில்லை. நானே எழுதி, நானே அழித்தேன். அவ்வளவு நாள் சம்பல் அரைத்துச் சாப்பிட்டார்களே, பாவிகள்!

சனிக்கிழமை மதியம் பிளாட் கமிட்டித் தலைவர், காவலாளி, எதிர்வீட்டு அக்கா மூவரும் வந்தார்கள்.

"தப்பா எடுத்துக்காதீங்க அண்ணே, கம்ப்ளைன் வந்திருக்கு. ஒரு தடவ பாத்துட்டா முடிஞ்சிரும்," என்றார் தலைவர்.

அறையைத் திறந்துவிட்டேன். தலைவர் ஒரு காயைக் கிள்ளி முகர்ந்து பார்த்தார், தும்மினார். அக்கா வாயில் கை வைத்துக்கொண்டார்.

"அட, நெசமாவே மிளகாய்தானா! நீங்க மேலுக்கு மிளகாயைக் காட்டிட்டு உள்ள வேற எதையோ வளக்குறீங்கன்னுல நெனைச்சோம்."

கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. என் வீட்டுக்குள் மூன்று பேர் நிற்கிறார்கள் என்பதுதான் மண்டைக்குள் ஓடியது. உட்காரச் சொல்லித் தேநீர் போட்டேன். வாளி மாற்றுவது, செம்பேன் துடைப்பது எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். அக்கா பிரஷ்ஷை வாங்கி நாலு பூவைத் தொட்டுப் பார்த்தார்.

"இதையா தெனமும் பண்றீங்க? பைத்தியம் புடிச்சிரும்லா!"

எல்லோரும் சிரித்தோம். காவலாளி இரண்டாவது கோப்பை கேட்டு வாங்கிக் குடித்தார். ஒரு மணி நேரத்துக்கு மேல் இருந்தார்கள்.

கிளம்பும்போது தலைவர் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். உண்மையாகவே வருத்தப்பட்டார்.

"மன்னிச்சிருங்க அண்ணே. குழுவுல நானே எழுதிப் போட்டுர்றேன். இனிமே யாரும் உங்க வீட்டுப் பக்கம் வந்து தொந்தரவு பண்ண மாட்டாங்க. அதுக்கு நான் பொறுப்பு."

தொந்தரவெல்லாம் இல்லை, அடிக்கடி வாருங்கள் என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. "சரிங்க தலைவரே, நன்றி," என்றுதான் சொன்னேன்.

சொன்ன சொல் தவறாத மனிதர் அவர். அதற்குப் பிறகு ஒருவரும் வரவில்லை.