சித்தி திறந்த மூன்று கணக்குகள்

"மாசம் நூறு. வருஷத்துக்கு ஆயிரத்து இருநூறு. ஏழு சதவீத வட்டின்னு போட்டிருக்கான். அப்ப எண்பத்து நாலு வரணும், சரிதானே?" என்று சித்தி கேட்டாள்.

"வராது சித்தி. நாற்பத்தஞ்சுதான் வரும்" என்றாள் அக்கா மகள்.

"மீதி முப்பத்தொம்பதை யாரு முழுங்கினா?"

"யாரும் முழுங்கல. மொத மாசம் போடற நூறுதான் முழு வருஷமும் பேங்க்ல இருக்கும். கடைசி மாசம் போடற நூறு ஒரே மாசந்தான் இருக்கும். அதுக்கு ஒரு மாச வட்டிதானே குடுப்பான்?"

சித்தி சாப்பாட்டு டப்பாவை மூடிவிட்டு யோசித்தாள். "அதாவது மொத நூறு குடித்தனக்காரன். கடைசி நூறு காப்பி குடிச்சிட்டுப் போற விருந்தாளி."

"ஆமா."

"சரி, நாற்பத்தஞ்சே வரட்டும். மாசம் நூறுக்கு மேல ஒரு பேங்க்ல வாங்க மாட்டானாம். நான் மூணு பேங்க்ல ஆரம்பிக்கிறேன்."

"மூணு பாரம், மூணு போட்டோ, மூணு வரிசை. இந்த அலைச்சலுக்கு அது கட்டுப்படியாகுமா சித்தி?"

"வெளிய என் பணம் எப்பவாவது ஒரு வருஷம் என்கூடத் தங்கியிருக்கா, சொல்லு."

அக்கா மகள் பேனாவை எடுத்தாள். இயல்பாகவே அவள் அதிகம் பேசமாட்டாள். வங்கிப் பாரங்கள் இருந்த மொழி சித்திக்கு வராது, அவளுக்கு வரும். கணக்கும் வரும். ஆனால் சித்தியின் பணம் எங்கெங்கே போயிற்று என்பது குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும். பக்கத்து வீட்டுக்காரியின் அடுப்பு, வேலையிடத்தில் ஒருவரின் பல் வைத்தியம், யாரோ ஒருவரின் மச்சினனுக்குச் செருப்பு. கேட்பவர் வாயைத் திறந்தால் போதும், சித்தியின் கை தானாகப் பைக்குள் போய்விடும். இல்லை என்ற சொல் அவள் தொண்டைக்குழி வரை வரும், அங்கேயே உட்கார்ந்துகொள்ளும்.

பேருந்துப் பணிமனையில் இருக்கை தைப்பது சித்தியின் வேலை. காலை ஆறு மணிக்கு உள்ளே போனால் இரண்டு மணிக்கு வெளியே வருவாள். பசை வாசம் மண்டிய நீள அறை. ஒரு சுவரில் ரெக்ஸின் சுருள்கள், இன்னொன்றில் ஸ்பாஞ்சுப் பலகைகள். நடுவில் கனமான தையல் மெஷின். அது ஓடத் தொடங்கினால் மேசை மேல் தேநீர்க் கோப்பை நடந்து போகும். கிழிந்த இருக்கையைத் தடவிப் பார்த்தே அது எந்த ஓட்டுநரின் வண்டி என்று சித்தி சொல்லிவிடுவாள். "இவரு பிரேக் போடற போட்டுல ஜனங்க சீட்டைப் பிச்சுக்கிட்டுப் பறக்கறாங்க" என்பாள்.

அதே மாதிரி ஒரு மெஷின் சொந்தமாக வேண்டும் என்பது அவள் ஆசை. இருந்தால் மாலையில் சோபா தைக்கலாம், சலூன் நாற்காலி தைக்கலாம். கடையை மூட இருந்த ஒரு பெரியவரிடம் பழையது ஒன்று இருந்தது. விலை மூவாயிரத்து எழுநூறு. "ஒரு வருஷம் காத்திருக்கேன். அதுக்கு மேல ஒரு நாள் கூட முடியாதும்மா" என்று அவர் கறாராகச் சொல்லியிருந்தார். மூன்று கணக்கிலும் சேர்ந்து அசல் மூவாயிரத்து அறுநூறு. வட்டி நூற்று முப்பத்தைந்து. அந்த வட்டி இல்லாமல் மெஷின் இல்லை. நடுவில் கணக்கை முடித்தால் வட்டி கிடையாது.

ஒரு நாள் விடுப்புப் போட்டு இருவரும் மூன்று வங்கிக்கும் ஏறி இறங்கினார்கள். மூன்று கையெழுத்தும் மூன்று விதமாக விழுந்தன. "இது மூணும் நீங்கதானா?" என்று, கையிலிருந்த மற்ற இரண்டு பாஸ்புக்கையும் பார்த்த மூன்றாவது வங்கிக் குமாஸ்தா கேட்டார். "காலையில போட்டது நல்லா இருக்கு. மத்தியானம் பசி" என்றாள் சித்தி.

பணம் போடக் கணக்கு எண் போதும். கணக்கை முடித்து எடுக்கத்தான் பாஸ்புக் வேண்டும். இது தெரிந்ததும் சித்தி ஒரு காரியம் செய்தாள். வீட்டில் வைத்தால் என்றாவது யாருக்காவது எடுத்துக் கொடுத்துவிடுவோம் என்ற பயத்தில், பணிமனையில் தைத்து முடித்து மூலையில் கிடந்த ஓர் இருக்கைக்குள், ஸ்பாஞ்சுக்கும் பலகைக்கும் நடுவே மூன்று பாஸ்புக்கையும் வைத்துத் தைத்துவிட்டாள். அடையாளத்துக்கு ஓரத்தில் சிவப்பு நூல். யாரிடமும் மூச்சு விடவில்லை.

எட்டு மாதம் எல்லாம் நன்றாகப் போயிற்று. கடன் கேட்டு வந்தவர்களிடம் சித்தி இப்போது கூசாமல், "பேங்க்ல பூட்டிக் கிடக்குங்க. எடுத்தா வட்டி போயிடும்" என்றாள். அது பொய்யில்லை என்பதால் முகம் கூட மாறவில்லை. கேட்டவர்களே தலையாட்டிவிட்டு, "அப்ப எடுக்காதீங்க" என்று சொல்லிப் போனார்கள்.

ஒன்பதாம் மாதம் அவளுடைய அண்ணனுக்கு மூக்கில் வேர்த்தது.

அண்ணனைக் குடும்பத்தில் எல்லோரும் 'முதலாளி' என்றுதான் சொல்வார்கள். எந்தத் தொழிலானாலும் முதலில் விசிட்டிங் கார்டு அடித்துவிடுவார். தொழில் பிறகு வரும், சில சமயம் வராது. அன்று அக்கா மகளுக்கு விடுமுறை. சித்தியோடு சாப்பிடப் பணிமனைக்கு வந்திருந்தாள். ஷிப்ட் முடியும் நேரத்தில் முதலாளி வந்து ஒரு கார்டை நீட்டினார்.

"குடை வாடகை. பஸ் நிறுத்தத்துல எடுத்துக்கலாம், இறங்கற இடத்துல குடுத்துடலாம். ஐநூறு குடை பேசிட்டேன். நாலரைக்குள்ள ரெண்டாயிரத்து ஐநூறு கட்டணும்."

"இறங்கற இடத்துலயும் மழை பெய்ஞ்சா குடையை யாரு மாமா திருப்பிக் குடுப்பாங்க?" என்று அக்கா மகள் கேட்டாள்.

"நீ படிச்ச பிள்ளை, உனக்கு வியாபாரம் புரியாது" என்றவர் தங்கையைப் பார்த்தார். "உன்னை விட்டா எனக்கு யாரும்மா இருக்கா?"

இதைச் சொல்லும்போது அவர் குரல் உண்மையாகவே கரகரத்தது. சித்தி மென்று விழுங்கினாள். வட்டி போயிடும் என்றாள். நான் தருகிறேன் வட்டி என்றார் அண்ணன். சித்தி பிளேடை எடுத்துக்கொண்டு மூலைக்குப் போவதை அக்கா மகள் பார்த்தாள். எதற்கென்று புரியவில்லை.

மூலை காலியாக இருந்தது.

"அங்க ஒரு சீட் இருந்துச்சே?" என்று சித்தி, வண்டிகளில் இருக்கை மாட்டும் பிட்டரிடம் கேட்டாள்.

"பதினேழாம் நம்பர் வண்டியில முன் சீட் கிழிஞ்சு தொங்குச்சு. காலையில மாட்டி அனுப்பிட்டேன். ஏன்க்கா, தையல்ல ஏதாவது விட்டுப்போச்சா?"

"விட்டுப்போகல. கூடப் போச்சு" என்றாள் சித்தி.

ஒரு மணி நேரம் காத்திருந்து பதினேழாம் நம்பரைப் பிடித்தார்கள். ஓட்டுநருக்குப் பின்னால், சிவப்பு நூல் போட்ட இருக்கையில், மடியில் இரண்டு பெரிய பைகளோடு ஓர் அம்மாள் நிறைந்து உட்கார்ந்திருந்தாள். முதலாளி கடிகாரத்தைப் பார்த்தார். மணி மூன்றேகால். நான்கு மணிக்கு வங்கிகள் மூடிவிடும்.

"எங்கம்மா இறங்கறீங்க?" என்று அவர் பணிவாகக் கேட்டார்.

"கடைசி ஸ்டாப். ஏன்?"

"சும்மாதான்."

"அவங்களை எழுந்திருக்கச் சொல்லேன்" என்று தங்கையின் காதில் கடித்தார்.

"காசு குடுத்து உட்கார்ந்திருக்காங்க அண்ணே. எந்த வாயால சொல்றது?" என்றவள் அந்த அம்மாள் பக்கம் திரும்பினாள். "சீட்டு வசதியா இருக்குங்களா?"

"நல்லா இருக்கு. ஒரு பக்கம் மட்டும் அட்டை வெச்ச மாதிரி இருக்கு."

"அது வட்டி" என்றாள் சித்தி. அக்கா மகளுக்கு அப்போதுதான் விஷயம் பிடிபட்டது. சிரிப்பை அடக்க ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஜன்னல் கண்ணாடியில் சித்தியின் முகம் தெரிந்தது. பணம் கொடுக்கப் போகும் முகமாக இல்லை, பள்ளிக்கூடத்துக்குத் திடீர் விடுமுறை விட்ட முகமாக இருந்தது. வண்டி ஒவ்வொரு நிறுத்தத்திலும் நின்றபோது அந்த முகம் இன்னும் கொஞ்சம் மலர்ந்தது.

கடைசி நிறுத்தத்தில் மணி நான்கு ஐந்து. அந்த அம்மாள் இறங்கியதும் சித்தி பிளேடால் நான்கு தையல் பிரித்துப் பாஸ்புக்குகளை எடுத்தாள். கையோடு கொண்டுவந்த ஊசியால் அங்கேயே மறுபடி தைத்தும் விட்டாள். முதலாளி குடைக்காரரோடு போனில் பேசினார். குரல் முதலில் உயர்ந்து பிறகு தணிந்தது. குடை வேறு கைக்குப் போய்விட்டது.

"எல்லாம் இந்த வண்டியால வந்த வினை" என்றார். பிறகு, "திரும்பிப் போக டிக்கெட்டுக்குச் சில்லறை இருக்கா?" என்று கேட்டார். சித்தி உடனே எடுத்துக் கொடுத்தாள்.

வருடம் முடிந்த அன்று மூவாயிரத்து எழுநூற்று முப்பத்தைந்து கைக்கு வந்தது. மெஷினுக்குப் போக மீந்த முப்பத்தைந்து, வண்டிக் கூலிக்குச் சரியாக இருந்தது. மெஷின் படுக்கையறை வாசலை அடைத்துக்கொண்டு உட்கார்ந்தது. "இனி நான் பக்கவாட்டுலதான் தூங்கப் போகணும்" என்றார் சித்தப்பா. சொல்லிக்கொண்டே அவர்தான் எண்ணெய் போட்டுத் துடைத்தார். முதல் வேலை ஒரு பல் டாக்டரின் நாற்காலி. இரண்டாவது, சலூன்காரரின் நான்கு நாற்காலிகள்.

அடுத்த மாதமே சித்தி மூன்று புதிய பாரங்களோடு அக்கா மகளிடம் வந்தாள். அவள் நிரப்பிக் கொடுத்தாள். கட்டுப்படியாகுமா என்று இந்த முறை கேட்கவில்லை. சித்தி கையெழுத்துப் போட்டாள். மூன்றும் இப்போது ஏறக்குறைய ஒரே மாதிரி விழுந்தன. எழுந்து போனவள் வாசலில் நின்று திரும்பினாள்.

"மூணு பேங்க் மேனேஜருக்கும் அந்த பாஷையில ஒரு லெட்டர் எழுதிக் குடேன். வருஷம் முடியறதுக்குள்ள நானே நேர்ல வந்து அழுதாலும் பணத்தைக் குடுக்காதீங்கன்னு. கொஞ்சம் கடுமையாவே எழுது."