ஆசிட் பம்பின் பக்கத்தில்

மணலியில் நான் ஷிஃப்ட் பொறுப்பில் இருந்த தொழிற்சாலையின் பம்பு ஃபிட்டர் அவர். கழுத்துவரை ஆசிட் தெறித்த தழும்பு. தான் கசிவைத் தடுக்கும் சீல் மாட்டிய பம்பு ஓடத் தொடங்கினால், கசிந்தால் உடனே நிறுத்துவதற்காகப் பக்கத்திலேயே குந்திக்கொள்வார்.

அன்று ஆசிட் பம்பின் இரட்டை சீல் உடைந்துவிட்டது. பம்பு நின்றதால் ஆசிட் தொட்டியோ வழியும் நிலையில் இருந்தது. ஸ்டோரில் தண்ணீர் பம்புக்கான ஒற்றை சீல்தான் கிடைத்தது. அதையே மாட்டச் சொன்னேன்.

“இத்த ஆசிட்டு துன்னுடும் சார். ஒண்ணு போனா தாங்கறதுக்கு இன்னொண்ணு இல்ல.”

“வேற வழியில்ல. மாட்டுங்க.”

மாட்டினார். பம்பு ஓடியது. ஷிஃப்ட் முடிந்தும் அவர் எழவில்லை.

“வீட்டுக்குக் கிளம்புங்க” என்றேன்.

“நான் பூட்டா, நீ வந்து இங்க குந்துவியா சார்?”

நான் பஸ்ஸைப் பிடிக்க ஓடினேன்.

விடிந்து இரட்டை சீல் வரும்வரை அது தாங்கியதாம்; அவரும் அங்கேயே குந்தியிருந்தாராம். அவர் முகத்தைத்தான் அதன்பிறகு என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.