பாவாடை நீட்டாத கை

பாவாடைக்கு எங்கள் அரிசி ஆலையில் மூட்டை ஏற்றும் வேலை. ஐம்பத்திரண்டு வயது. கல்வராயன் மலையடியில் ஊர். முதல் பேருந்தில் மனைவி ஜெயம்மாளோடும் மைத்துனன் சின்னராசுவோடும் கள்ளக்குறிச்சிக்கு வந்துவிடுவார். ஜெயம்மாள் நெல் காயும் களத்தில் பெருக்குவாள். ஆண்கள் இருவரும் கிடங்கில்.

கிடங்கில் கூரை தொடும் அளவுக்கு மூட்டைகளை அடுக்குவார்கள். அதற்கு அட்டி என்று பெயர். மூட்டைகளையே படிபோல வைத்து, முதுகில் எழுபத்தைந்து கிலோவோடு ஏற வேண்டும். ஏறிய மூட்டையோடு யாரும் திரும்பி இறங்குவதில்லை. இறங்கினால் மறுநாள் அவரைக் குழுவில் யாரும் கூட்டுச் சேர்க்க மாட்டார்கள்.

நான் அங்கே எடை எழுதுகிறவன். என் மேசையிலிருந்து அட்டி முழுதும் தெரியும். மாசியில் ஒருநாள் பாவாடை ஐந்தாவது படியில் நின்றார். தோளில் துண்டைச் சரிசெய்வது போல இருந்தது. மறுநாளும் அதே படியில் துண்டு சரிந்தது. இறங்கி வந்ததும் கடைக்குப் போய் சோடா குடித்தார்.

"இன்னா மாமா, தெனைக்கும் சோடாவா?" என்றான் சின்னராசு.

"வாய்வுடா. ஏப்பம் வுட்டா சரியா பூடும்."

போன வருடம் அம்மாசி என்ற சுமைக்காரர் சாப்பாட்டு மணிக்கு முன்னால் அட்டியடியில் சாய்ந்து இறந்துபோனார். அவரும் வாய்வு என்றுதான் சொல்லியிருந்தார். அதனால்தான் இந்த மாசிக் கடைசியில் முதலாளி ராஜாங்கம் ஆலையிலேயே ரத்த அழுத்த முகாம் வைத்தார். நல்ல எண்ணம்தான். ஆனால் எதற்கு வைக்கிறோம் என்று அவர் யாரிடமும் சொல்லவில்லை. பிரஷர் இருக்கிறவனை நிறுத்திவிடப் போகிறார்கள் என்று கிடங்கு முழுக்கப் பேச்சு.

முகாமில் பெயர் எழுதியவன் நான். சின்னராசு வந்து கையை நீட்டினான், எழுதினேன். கால்மணி நேரம் கழித்துத் தலையில் துண்டு போட்டுக்கொண்டு இன்னொருவர் வந்து உட்கார்ந்தார்.

"பேரு?" என்றார் நர்ஸ்.

"பாவாடை."

குரலைக் கேட்டு நிமிர்ந்தேன். துண்டுக்குள் சின்னராசுவின் முகம். கண்ணாலேயே கெஞ்சினான். நர்ஸ் நூற்றுப் பதினெட்டு, எழுபத்தாறு என்றார். பாவாடையின் பெயருக்கு நேரே எழுதினேன். எழுதிய பேனாவை வெகுநேரம் மூடத் தோன்றவில்லை.

ஒரு வாரம் கழித்து முதலாளி எல்லோரையும் கூப்பிட்டார். அழுத்தம் கூடுதலாக இருந்த ஒன்பது பேர் இனிமேல் ஏற வேண்டாம், கீழே உட்கார்ந்து மூட்டை வாய் தைக்கலாம், கூலி அதேதான் என்றார். மாத்திரை வாங்க மாதம் ஒருநாள் ஆலை வேனிலேயே அரசு ஆஸ்பத்திரிக்குப் போகலாம். மற்றவர்கள் அட்டிக்கு. ஒன்பது பேர் குறைந்ததில் மற்றவர்களுக்கு மூட்டையோடு ஏறும் நடை கூடிற்று.

தைக்கிற இடத்தில் மாயவன் உட்கார்ந்திருந்தார். பாவாடைதான் முதலில் வம்பிழுத்தார்.

"இன்னா மாயவா, டெய்லரு ஆயிட்ட?"

"உனக்குதான் சட்ட தைக்கிறேன். தொப்பைக்கு ஒரு சாக்கு பத்தல, இன்னொண்ணு எடுத்துகினு வா."

எல்லோரும் சிரித்தார்கள். பாவாடையும் சிரித்தார், மூச்சு வாங்கிக்கொண்டு.

அன்று நான் அவர் பக்கத்தில் போய், "முதலாளிகிட்ட சொல்லிடலாங்க" என்றேன். எனக்கே கேட்காத குரல்.

"ஆள் மாத்தி ஏமாத்துனவன்னு பேரு வரும் தம்பி. ராசு வேலையும் சேந்து பூடும். நீ எழுதிக்கினே இரு."

நான் எழுதிக்கொண்டே இருந்தேன். மூட்டைகளை அல்ல, அவர் படிகளை எண்ணினேன். ஐந்தில் நிற்கிறார். நான்கில் நிற்கிறார். பங்குனி வெயிலில் தகரக்கூரை சடசடத்தது.

அந்த வெள்ளிக்கிழமை மூன்றாவது படியிலேயே நின்றுவிட்டார். துண்டைத் தொடவில்லை. மூட்டை முதுகில், வலது கை பக்கத்து மூட்டையைப் பிடித்திருக்கிறது, முகமெல்லாம் வேர்வை. பின்னால் ஏறிவந்தவர்கள் வரிசையாக நின்றார்கள்.

"ஏறு பாவாடை, இன்னா வேடிக்க?" என்று கீழிருந்து கத்தினார் மேஸ்திரி பொன்னுரங்கம்.

அவர் ஏறவுமில்லை, இறங்கவுமில்லை. சத்தம் கேட்டு முதலாளி வெளியே வந்தார். ஜெயம்மாள் விளக்குமாறோடு ஓடிவந்தாள். "யோவ், கீழ போடுய்யா! போட்டுட்டு எறங்குய்யா!"

அவர் தலையை மட்டும் ஆட்டினார், முடியாது என்று.

அப்போதுதான் சின்னராசு அழுதுகொண்டே கத்தினான்: "மொதலாளி, அன்னிக்கு நீட்டுனது என் கைங்க! மாமாவுது இல்லைங்க!"

பொன்னுரங்கம் மேலே தாவி, பாவாடையின் முதுகிலிருந்து மூட்டையைத் தன் முதுகுக்கு வாங்கிக்கொண்டு இறங்கினார். யாரோ சோடாவுக்கு ஓடினார்கள். "சோடா குடுக்காதீங்க, நடக்க வுடாதீங்க, தூக்குங்க" என்று முதலாளி காரை எடுத்தார். ஜெயம்மாளும் நானும் கூடவே ஏறிக்கொண்டோம்.

ஆஸ்பத்திரியில் முதன்முறையாகப் பாவாடையின் கையிலேயே அந்த ரத்த அழுத்தப் பட்டையைச் சுற்றினார்கள். நெஞ்சில் ஒயர்களை ஒட்டி, ஓடிவந்த தாளை டாக்டரம்மா பார்த்தார்.

"வலி எப்ப ஆரம்பிச்சுது?"

"இப்பதாங்கம்மா. வெய்யிலு."

"நேரம் சரியா சொல்லணும். அத வெச்சுதான் வைத்தியம். முன்னாடி எப்பவாவது வந்துருக்கா?"

"இல்லைங்கம்மா." கண்கள் கட்டிலின் கால்மாட்டில் நின்ற முதலாளியிடம் போய்த் திரும்பின.

நான் அதைப் பார்த்தேன். ஜெயம்மாளும் பார்த்துவிட்டாள். முதலாளியின் பக்கம் திரும்பினாள். "ஐயா, இவுருக்கு வேலை இருக்குதுங்களா, இல்லைங்களா? இங்கியே சொல்லிடுங்க. அது தெரியாம இந்த ஆளு வாயத் தொறக்காது."

முதலாளிக்கு முகம் கறுத்தது. "வேலை இருக்குது பாவாடை. ஒக்காந்து தைக்கிற வேலை. கூலி அதேதான். ராசுவையும் ஒண்ணும் சொல்ல மாட்டேன்." சற்று நிறுத்தினார். "முகாமுக்கு முன்னாடியே நான் இத சொல்லியிருக்கணும்."

பாவாடை கண்ணை மூடினார். "இன்னிக்கு, காத்தால பஸ் எறங்கும்போதே வந்துதுங்கம்மா. பொங்கலுக்கு முன்னாலருந்தே வந்துகினுதான் இருக்குது. மூட்டையோட ஏறும்போது வரும். இப்பல்லாம் சும்மா படுத்துகினு இருந்தாலும் வருது."

"படுத்துகினு இருக்கும்போதா?" என்றாள் ஜெயம்மாள். அவள் பக்கத்தில்தானே படுத்திருந்தாள்.

டாக்டரம்மா கடிகாரத்தைப் பார்த்தார். பதினொன்று இருபது. நர்ஸை அவசரமாகக் கூப்பிட்டார். கொஞ்ச நேரத்தில் ஆம்புலன்சில் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள்.

பாவாடை பிழைத்தார். இரண்டு மாதம் கழித்து ஆலைக்கு வந்து மாயவனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். களத்திலிருந்து ஜெயம்மாள் மணிக்கொரு தரம் வந்து வாசலில் நிற்கிறாள்.

"இன்னாய்யா, வலிக்குதா?"

"ஒண்ணுமில்ல, போ."

அவள் போவதில்லை. அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு இன்னும் கொஞ்ச நேரம் நிற்கிறாள்.